வில்லனை வெறுப்பது யார் சொல்லி?

(ஜேடர்பாளையத்தில் நடைபெற்ற பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் சற்று வேடிக்கையானது. ஜாதி ஒழிப்பைப் பற்றியோ, கோவில் சொத்தைப் பற்றியோ பேசச் சொல்லாமல், இவ்வூர் வாலிபத் தோழர்கள் ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறார்கள். நாடகத்திலாகட்டும், சினிமாவிலாகட்டும், ஒரு வில்லன் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக எழுதப்படுகிறானோ அவ்வளவுக்கவ்வளவு ஜனங்கள் அவனை வெறுக்கிறார்களே, நல்ல சமையலைச் சாப்பிட்டால் மெச்சுகிறவர்கள் நல்ல வில்லனைக் கண்டால் மாத்திரம் ஏன் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள் என்பது கேள்வி. நாம் நாடக ஆசிரியரல்ல. கலை என்பதைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகள் பேசவும் நமக்குத் தெரியாது. ஆனால் ஜனங்கள் யாரை வெறுக்கிறார்கள், யார் சொல்லி வெறுக்கிறார்கள் என்பது நம் இயக்கத்துக்கு நேரான விஷயம். ஆனதினாலேயே ஒப்புக்கொண்டு வந்தோம்.

எம்.என்.நம்பியாரை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1919இல் பிறந்து 2008இல் காலமானவர். மது, புகை இரண்டையும் தொடாதவர். வருஷந்தோறும் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய் வந்தவர். மலைக்குப் போனதை நாம் மெச்சப் போவதில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. அந்த மனிதர் திரையில் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும், கொட்டகையிலிருக்கும் தாய்மார்கள் "கட்டையிலே போறவனே!" என்பார்கள். டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து நாமே காதால் கேட்டிருக்கிறோம். அவரைப் போலவே நம் கொங்கு நாட்டுக் காங்கேயத்தில் பிறந்த பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பைக் கேட்டால் மடியிலிருக்கும் குழந்தை அழும். கூலி வாங்கிக்கொண்டு வேஷம் போட்ட மனிதர்கள் என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் வைதார்கள். ஆகவே "பாமர ஜனங்கள் நிழலையும் நிஜத்தையும் பிரித்தறியாதவர்கள்" என்று படித்தவர்கள் சொல்லுவது வீண் கர்வப் பேச்சு.

வெறுப்பு வேறு, பயம் வேறு. முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் வாலிபத்தில் எமன், சனீஸ்வரன், இரணியன் முதலிய வேஷங்கள் கட்டியவர். அவர் எமனாக வந்து கர்ஜித்ததைப் பார்த்துக் கொட்டகையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருக் கலைந்துவிட்டது என்று நாடகக்காரர்கள் வெகுகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். அப்படி உயிர் நடுங்கப் பயந்தவர்களில் ஒருவராவது எமனை வைதார்கள் என்று அந்தக் கதையில் கிடையாது. ஏன்? எமன் உத்தியோகஸ்தன். நாள் வந்தால் கயிற்றைப் போடுவான். நாள் வராவிட்டால் போட மாட்டான். அவனுக்கென்று ஒரு யோசனை இல்லை. இடி விழுவதையும் வெள்ளம் வருவதையும் கண்டு நாம் பயப்படுகிறோமேயல்லாமல், காவிரி மீது ஆத்திரம் கொண்டு யாரும் கல்லெறிவதில்லை. பத்துத் தலையும் கோரைப் பல்லுமாய் வருகிற ராக்ஷசனும் இப்படித்தான். குழந்தைகள் முதல் நாள் பயப்படும், மறுநாள் அட்டை வெட்டி அந்த முகமூடியையே செய்து விளையாடும்.

வெறுக்கப்படுகிறவன் யார் என்றால், செய்யாமலிருக்க முடிந்தும் தெரிந்து செய்கிறவன். அவனுக்குப் புத்தி இருக்கிறது. பேச்சு இனிக்கிறது. எதிரி எப்போது கண்ணயருவான், எந்தத் தங்கைக்குக் கல்யாணம் நின்றால் எந்த அண்ணன் காலில் விழுவான் என்பதெல்லாம் கணக்காய்த் தெரிந்தவன். சகுனியைப் பாருங்கள், கதையில் அவன் ஒருவனையும் ஆயுதத்தால் வெட்டி நமக்கு ஞாபகம் இல்லை, காயை உருட்டுகிறான், அவ்வளவுதான். ஆனாலும் நூறு பேரை வெட்டினவனை விட்டுவிட்டு நம் கிராமங்களில் ஆகாதவனுக்கெல்லாம் சகுனி என்றுதான் பெயர் வைக்கிறார்கள். ஆசிரியன் நன்றாக எழுதுவது என்பது இதுதான். அந்தத் துஷ்டனுக்கு ஒரு காரணமும், அந்தக் காரணத்துக்குத் தகுந்த புத்தியும், வேண்டாமென்று விட்டுவிட ஒரு சந்தர்ப்பமும் கொடுத்து, பிறகும் அவன் அதையே செய்யும்படி எழுதிவிட்டால், ஜனங்கள் வெறுக்காமல் என்ன செய்வார்கள்?

மற்றொரு காரணமும் உண்டு. வில்லனுடைய யோசனை நமக்குத் தெரியும்; கதாநாயகனுக்குத் தெரியாது. பாலில் விஷம் கலந்ததைப் பார்த்தவர்கள் நாம். குடிக்கப் போகிறவனிடம் போய்ச் சொல்ல வழியில்லாமல் பெஞ்சில் கட்டுண்டு கிடக்கிறோம். கிழவி ஒருத்தி எழுந்து "குடிக்காதே சாமி" என்று கத்துவாள். திரையிலிருப்பவன் காது கேட்காதவன்போல் குடித்துவிடுவான். தடுக்க முடியாதபோது வயிற்றெரிச்சல் வரும். அந்த வயிற்றெரிச்சல் முழுவதும் எங்கே போய் இறங்கும்? வில்லன் தலையில்தான்.

நிற்க. இவ்வளவும் நாடகத்தைப் பற்றிய பேச்சு. இனித்தான் நம் விஷயம்.

ஒரு குடியானவன் இருக்கிறான். கரும்பு வெட்டின பணம் கைக்கு வருமுன் வட்டிக்குப் போய்விட்டது. கடன் கொடுத்தவனோ அடித்துப் பிடுங்குகிறவன் அல்ல. "வா கண்ணு, காப்பி சாப்பிடு" என்று திண்ணையில் உட்கார வைத்துச் சிரித்துக்கொண்டே ரேகை வாங்குகிறவன். அன்று ராத்திரி குடியானவன் சினிமாவுக்குப் போகிறான். அங்கே அதே சிரிப்புடன் ஒரு மிராசுதார் வந்து ஏழையின் வீட்டைப் பறிக்கிறான். நம் குடியானவன் பல்லைக் கடிக்கிறான், வாய் கொண்ட மட்டும் வைகிறான், கடைசியில் கதாநாயகன் உதைக்கும்போது விசிலடிக்கிறான். மறுநாள் காலையில் என்ன செய்கிறான்? துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அதே திண்ணைக்கு முன்னால் போய் நிற்கிறான். நெஞ்சிலிருந்த கோபமெல்லாம் டிக்கட்டு வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. கடன்காரனுக்கு இதைவிட வேறு என்ன லாபம் வேண்டும்?

நம் இயக்க நாடகக்காரர் சிலருடைய காரியத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம். குடுமியும் பூணூலும் தொந்தியுமாய் ஒரு புரோகிதனை மேடையில் ஏற்றி, நாலு தடவை வழுக்கி விழச் செய்து கைதட்டல் வாங்குவது ஒரு வழக்கமாய்ப் போயிற்று. சிரிப்பு வந்தது, வெறுப்பு வரவில்லை. அப்படிப்பட்ட அசடனைக் கண்டு யார் ஆத்திரப்படுவார்கள்? முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நம் ஜாதிப் பண்ணையாருங்கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் பண்ணையாளுக்குக் கொட்டாங்கச்சியில் காப்பி ஊற்றினார். தன்னைப்போல் ஒருவன் மேடையில் நடமாடியிருந்தால் அவருக்கு நாற்காலி சுட்டிருக்கும். மட்டமாய் எழுதப்பட்ட வில்லனால் கஷ்டப்படுகிறவன் யாருமில்லை, வில்லன் உள்பட.

வெறுப்பு முகத்திலா இருக்கிறது? பக்கத்துச் சேலத்துக்கு வாருங்கள். நம் திருச்செங்கோட்டு டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனி 1940இல் 'உத்தம புத்திரன்' என்ற படத்தை எடுத்தது. பி.யு.சின்னப்பா இரட்டை வேஷம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு ராஜகுமாரர்கள். ஒருவன் உத்தமன், மற்றவன் துஷ்டன். ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே குரல். ஒருவன் வந்தால் ஜனங்கள் முகம் மலர்கிறது, மற்றவன் வந்தால் சுருங்குகிறது. இரண்டு பேரும் ஒரே சம்பளத்தை ஒரே கையால் வாங்கிய ஒரே ஆசாமி. அப்படியானால் வெறுப்பை உண்டாக்கினது யார்? கதை எழுதினவன் பேனா. இது நம் மக்களுக்கு எளிதில் விளங்குகிறது. ஆனால் இதையே புராணத்துக்குப் பொருத்திச் சொன்னால் மாத்திரம் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பேனா செய்கிற அக்கிரமத்துக்கு அளவில்லை. திருவாரூர் தங்கராசு எழுதி எம்.ஆர்.ராதா நடித்த 'இரத்தக் கண்ணீர்' நம் இயக்கத்தார் பெருமையாய்ச் சொல்லிக்கொள்ளும் நாடகம். 1954இல் படமாகவும் வந்தது. மோகனசுந்தரம் தாயை அவமதிக்கிறான், கட்டின மனைவியை விட்டுவிட்டுத் தாசி காந்தா வீட்டில் சொத்தைத் தொலைக்கிறான், குஷ்டம் பிடித்துத் தெருவில் நிற்கிறான். கேடு செய்தவன் அவன். அவனைப் பார்த்து ஆத்திரப்பட்ட ஜனங்களே அவன் பேச்சுக்குக் கைதட்டினார்கள், அவன் அழுதபோது அழுதார்கள். அவனுக்குத் திருந்தவும், மனைவிக்கு மறுமணம் செய்துவைக்கவும் கதையில் இடம் கிடைத்தது. கடைசியில் சிலையும் கிடைத்தது. காந்தாவுக்கு என்ன கிடைத்தது? ஆகாய விமான விபத்தில் சாவு. அவளைத் தாசியாக்கினது எந்த ஏற்பாடு, யாருடைய பணம் என்று ஒரு காட்சியில் அவள் வாய் திறந்து கேட்டிருந்தால், ஜனங்களுடைய வெறுப்பு வேறு திசையில் திரும்பியிருக்கும். ராதாவின் நடிப்பில் நமக்குள்ள மதிப்பு வேறு, இது வேறு.

காந்தாவுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், சூர்ப்பனகை. ஒருவனைப் பார்த்து ஆசைப்பட்டேன் என்று சொன்னாள், மூக்கை அறுத்தார்கள். அண்ணன் கேட்க வந்தான். அவன் செய்த காரியம் சரியென்று நாம் வாதிக்கவில்லை. பிறன் மனைவியைத் தூக்கிப் போனது அக்கிரமந்தான். ஆனால் மூக்கை அறுத்தவன் கதாநாயகனுக்குத் தம்பி, கேட்க வந்தவன் குலத்தோடு அரக்கன் என்று எப்படி ஆயிற்று? அதைத்தான் 1943இல் அண்ணாதுரை கேட்டார். அவ்வருஷம் சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையோடும், மறுமாதம் நம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடை போட்டு வாதம் நடந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் பெரிய தமிழ்ப் புலவர்கள். கம்பனுடைய இராவணன் எவ்வளவு கம்பீரமானவன், சிவபக்தன், வீணை வாசிப்பவன் என்று அக்கூட்டத்தார் எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள். கம்பீரமாய் எழுதியதை நாமும் மறுக்கவில்லை. எவ்வளவு உயரமாய்க் கட்டுகிறானோ அவ்வளவு சத்தமாய் விழ வேண்டுமென்பதற்காகவே கட்டினான் என்பதுதான் நம் கட்சி. பிறகு அண்ணாதுரை 'நீதிதேவன் மயக்கம்' என்ற நாடகத்தில் இராவணனையே கோர்ட்டில் ஏற்றி, இரக்கமில்லாதவன் நான் ஒருவன் தானா என்று கேட்கும்படி செய்தார். வில்லனை வாய் திறக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

மற்றொரு சாட்சி இன்னும் கிட்டே இருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை, இராவணனைத் தலைவனாய் வைத்து 3,100 பாட்டுக்களில் 'இராவண காவியம்' எழுதி 1946இல் வெளியிட்டார். 1948இல் சர்க்கார் அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. 23 வருஷம்! அந்தப் புத்தகத்தில் வெடிகுண்டு செய்யும் முறை எழுதியிருந்ததா? வரி கொடுக்காதே என்று இருந்ததா? ஒன்றுமில்லை. எவனை வெறுக்கிறாயோ அவனைச் சற்றுத் திரும்பிப் பார் என்று இருந்தது. எம்.ஆர்.ராதா அதே காரியத்தை மேடையில் செய்தார். 1954இல் நாடகங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாதென்று சொல்ல 2013 வரை ஆயிற்று. ஜனங்கள் யாரை நேசிக்கிறார்கள் என்பதைப் பற்றிச் சர்க்கார்கள் அவ்வளவாய்க் கவலைப்படுவதில்லை. யாரை வெறுக்கிறார்கள் என்பது மாறிவிடக் கூடாது என்பதில் வெகு ஜாக்கிரதையாய் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் தேசத்திலும் இதேதான். ஷேக்ஸ்பியருடைய 'ஒதெல்லோ' நாடகத்தில் ஒதெல்லோ என்பவன் கறுப்புத் தளபதி. அவன் மனைவி வெள்ளைக்காரி. இயாகோ என்ற வெள்ளைக்காரன் நண்பன்போல் நடித்து, மனைவி மேல் சந்தேகத்தை மூட்டி, அவளைக் கொல்லும்படி செய்துவிடுகிறான். உலகத்தில் நன்றாக எழுதப்பட்ட வில்லன்களில் இயாகோ ஒருவன். அமெரிக்காவில் பால்டிமோர் பட்டணத்தில் 1822இல் இந்த நாடகம் நடந்தபோது, கொட்டகையில் காவலுக்கு நின்ற ஒரு சோல்ஜர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதாக ஸ்டெந்தால் என்ற பிரெஞ்சு ஆசிரியர் எழுதியிருக்கிறார். யாரைச் சுட்டான் தெரியுமா? இயாகோவை அல்ல, ஒதெல்லோவாக நின்றவரை. என் கண்ணெதிரே ஒரு கறுப்பன் வெள்ளைக்காரியைக் கொல்லுவதா என்று அவனுக்கு ஆத்திரம். நாடகம் முழுவதும் இயாகோ செய்த சூதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். அவ்வளவு பெரிய ஆசிரியன் பாடுபட்டு எழுதினதெல்லாம் அந்தத் தலையில் ஏறவில்லை. கொட்டகைக்கு வருமுன்னரே வேறு எவனோ அதில் வில்லன் யாரென்று எழுதி வைத்துவிட்டான்.

தோழர்களே, நம்மிடத்திலும் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். உடுக்கடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதையில் வேட்டுவர்களும் தலையூர்க் காளியும் எதிரிகள். இந்த வட்டாரத்தில் வேட்டுவர் குடும்பங்களும் இருக்கின்றன, வெள்ளாளர் குடும்பங்களும் இருக்கின்றன. ஒரே பாட்டுத்தான், இரண்டு திண்ணையில் இரண்டு விதமாய்க் காதில் விழுகிறது. வெள்ளைக்கார சர்க்காரோ பாட்டுக்கூடப் பாடவில்லை. 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை எழுதி, பிற்காலத்தில் நம் சேலம் ஜில்லாக் குறவர்களையும் மதுரைப் பக்கத்துக் கள்ளர்களையும் பிறந்த குழந்தை முதற்கொண்டு வில்லன்களாக்கிவிட்டது.

2017இல் 'தீரன் அதிகாரம் ஒன்று' என்று ஒரு படம் வந்தது. வடக்கேயிருந்து லாரியில் வந்து வீடு புகுந்து கொன்று கொள்ளையடித்த பவாரியாக் கூட்டத்தைப் பற்றியது. கற்பனை மாத்திரமல்ல, 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டசபை அங்கத்தினர் சுதர்சனத்தைக் கொன்றவர்கள் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தார்தான். படத்தில் வில்லன் கெட்டிக்காரத்தனமாய்ச் செய்யப்பட்டிருக்கிறான். பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கிறது. கொலைகாரனைக் கண்டு கொதித்தால் சரி. ஆனால் வெளியே வந்து பஸ்ஸில் ஏறுகிறபோது, பக்கத்தில் மூட்டையோடு இந்தி பேசிக்கொண்டு நிற்கிற கூலிக்காரப் பையனைப் பார்த்து இவன் பையைத் தடவிக்கொள்கிறானே, அது எதனால்? செய்த காரியத்துக்காக வெறுக்கப்படுகிறவன் ஒரு ரகம். வந்த திசைக்காகவும் பிறந்த வயிற்றுக்காகவும் வெறுக்கப்படுகிறவன் மற்றொரு ரகம். முதல் ரகத்தை எழுத ஆசிரியனுக்கு மூளை வேண்டும். இரண்டாம் ரகத்துக்கு அது வேண்டியதில்லை. கேட்கிறவன் நெஞ்சில் முன்னமே இருப்பதைக் கிளறிவிட்டால் போதும்.

இனி, இந்த ஊரிலேயே நின்றுகொண்டு சொல்லாமல் விட முடியாத ஒன்றைச் சொல்லுகிறோம். 2023 மார்ச்சு மாதத்தில் இந்த வட்டாரத்தில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். அந்தக் குடும்பத்தின் துக்கம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு நடந்ததும் தெரியும். ஆலைக்கொட்டகைகள் எரிந்தன. தோட்டங்களில் பாக்கும் வாழையும் வெட்டிச் சாய்க்கப்பட்டன. மே மாதத்தில் ஒரு ராத்திரி, வெல்லம் காய்ச்சிவிட்டுத் தூங்கிக் கொண்டிருந்த வெளி மாகாணத் தொழிலாளிகள்மேல் நெருப்புப் போடப்பட்டது; அவர்களில் ஒருவர் இறந்துபோனார். செய்தவர் யார், என்ன காரணம் என்பது போலீஸும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய விஷயம். அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். கொலைச் செய்தி காதில் விழுந்த அந்த முதல் நாழிகையில், யார் பெயரும் வெளிவருமுன், உங்கள் மனதில் ஒரு முகம் வந்து நின்றதல்லவா? அந்த முகம் எந்த ஜாதியாயிருந்தது? எந்த பாஷை பேசிற்று? அதற்கு முன் அந்த முகத்தை எந்தக் கொட்டகையில், எந்தக் கூத்தில், எந்தத் திண்ணைப் பேச்சில் பார்த்தீர்கள்? வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அந்த முகம் உங்கள் பக்கத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவருடைய முகமாய்க்கூட இருந்திருக்கலாம்.

இவ்வூர்த் தோழர்கள் வரும் ஆடிப் பதினெட்டுக்கு அணைக்கட்டில் கூட்டம் கூடுகிற சமயத்தில் ஒரு நாடகம் போடப் போவதாகச் சொல்லி, அதன் கையெழுத்துப் பிரதியை நம்மிடம் காட்டினார்கள். அதில் வில்லனாய் வருகிறவன் கந்துவட்டிக்காரன். முதல் காட்சியிலேயே சாராயத்தைக் குடித்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறான். மீசையை எடுத்துவிடுங்கள், சாராயத்தையும் எடுத்துவிடுங்கள், அவனுக்குக் கல்யாணமாக வேண்டிய ஒரு மகளைக் கொடுங்கள், கேட்டவர்களுக்கெல்லாம் காப்பி கொடுக்கச் சொல்லுங்கள் என்று சொன்னோம். அப்படிச் செய்தால் முன் வரிசையில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களே என்று ஒரு தோழர் கவலைப்பட்டார். போகட்டும், யார் யார் எழுந்து போகிறார்கள் என்று பின் வரிசையிலிருப்பவர்கள் எண்ணிக்கொள்ளலாம் என்றோம்.

நேரம் அதிகமாகிவிட்டது. வேலூருக்குப் போக வேண்டியவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.